வீட்டுக்கு ஒருவர்

சாமு,

தபாலில் கடிதம் வந்திருக்கிறதே, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் அம்மா சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து இட்லிக்கு அரிசி கழுவிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இடுப்பு வலி எப்போதும்போல இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் பெட்டியைத் தூக்கிய இடுப்பு சும்மா விடுமா. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் நான்கு வார்த்தை பேசுவதற்குள் "சரி நைனா, அப்பறம் பேசறேன் நைனா" என்று நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதற்காகவே பேத்தியின் நோட்டில் நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு அவளிடம் திட்டும் வாங்கியாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஐதராபாத்திலிருந்து பேசியபோது நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது. நீ சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாய். விமானம் பழுதுபார்க்கும் வேலைக்கு உங்கள் கம்பெனி புதிதாக ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கப் போகிறது, வேறு தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருப்பவர்களும் வரலாம், முப்பத்தைந்து வயது வரை எடுப்பார்கள், சென்னையில் நேர்முகத் தேர்வு, தேர்வு செய்யும் மூன்று பேரில் நீயும் ஒருவன் என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிறகு நீ சலித்துக்கொண்டாய். "பாதி சீட்டு பொண்ணுங்களுக்குன்னு மேல சொல்லிட்டாங்க நைனா. அதுவும் கிராமத்துப் பக்கமா பாத்து எடுக்கணுமாம். தகுதியான பொண்ணு எங்க கீது? அப்படியே வந்தாலும் கல்யாணம்னு பாதில போயிடும். நம்ம பக்கம் உனக்குத் தெரியாதா?" என்றாய். நான் "ஆமாம்பா" என்றேன். அப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் அக்கா எஸ்தர் அப்போது எனக்கு மூன்றடி தள்ளி, ஓடாமல் போன எங்கள் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ பேசப் பேச ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். நீ போனை வைக்கும்வரை அதை எடுக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்வுக்கு உன் அக்காவும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளைதான் உத்திரமேரூருக்குப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பினார். நீ ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பாய் என்பது அவர்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. வருகிற வியாழன் இல்லை, அதற்கு அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லி அவளுக்குத் தகவலும் வந்துவிட்டது. நீ போனை வைத்ததும் அவள் சொன்னது இதுதான்: "நான் போவல நைனா. அவன் அங்க உக்காந்துகினு கீறான்னா நல்லா இருக்காது. எடுத்தா, தம்பிதான் எடுத்தான்னு சொல்லுவாங்க. அவனுக்கும் பேஜாரு." அவ்வளவுதான். மிக்ஸியை மூடி, ஓட்டிக் காட்டிவிட்டு அடுத்த தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். உனக்காக அவள் விலகுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எப்படி விலகினாள் என்பது உனக்கும் தெரியாது, அவளுக்கும் நேற்றுவரை தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு நாள் உன் ஹேங்கரில், விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் அந்தக் கொட்டகையில், ஒரு ஸ்பேனர் காணாமல் போன கதையைச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா. ஒவ்வொரு சாமானுக்கும் பலகையில் அதனதன் உருவம் வரைந்திருக்கும், வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தால் விமானம் கிளம்பாது என்றாய். அன்றைக்குக் குறைந்தது நீ எடுத்த ஸ்பேனர். யாரும் கேட்பதற்கு முன்னால் நீயே போய்ச் சொன்னாய். இரண்டு மணி நேரம் தேடி, இறக்கைக்கு உள்ளே ஒரு மடிப்பிலிருந்து எடுத்தார்கள். உன்னை ஒருவரும் திட்டவில்லை, எப்படி நடந்தது என்று நீயே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் என்றாய். "தப்ப சொல்றவன திட்ட மாட்டாங்க நைனா. மறைக்கிறவனத்தான் வேலய வுட்டு தூக்குவாங்க" என்று நீ சொன்னபோது நான் பெருமையாகத் தலையாட்டினேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஏன் என்று உன் அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். நான் எழுதிக் கொடுக்க வேண்டியது பதினான்கு வருடமாக என்னிடம் பாக்கி இருந்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுமையாகப் படி. நான் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் லோடராக இருந்தபோது வாரத்தில் ஒரு நாள்தான் நம் ஊருக்கு, காவாந்தண்டலத்துக்கு வருவேன். பெட்டி போகிற ஊரை மூன்று எழுத்தில் போட்டு ஒட்டியிருக்கும் சீட்டு சில நாள் என் சட்டை முதுகிலும் ஒட்டிக்கொண்டு வரும். எஸ்தர்தான் அதை உரித்தெடுப்பாள். மூன்று எழுத்தைப் பார்த்து, இது எந்த ஊர் என்று கேட்டுச் சுவரில் ஒட்டி வைப்பாள். நீ அதைக் கிழித்து விளையாடுவாய், அவள் உன் முதுகில் இரண்டு போடுவாள். அந்த வேலையில் நான் பார்த்த ஒன்றை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இன்னார்தான் இன்ன வேலை செய்ய வேண்டும் என்று அங்கே யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. ஆனாலும் விமானத்தின் வயிற்றுக்குள் மண்டி போட்டுப் பெட்டி அடுக்குகிறவன் பெரும்பாலும் என்னைப் போல ஏதாவது ஒரு ஊரின் கோடித் தெருவிலிருந்து வந்தவனாக இருந்தான். கையில் டார்ச்சோடு இன்ஜினைச் சுற்றி வந்து கையெழுத்துப் போடுகிறவர் வேறு தெரு, வேறு பேச்சு. பெண்கள் என்றால் உள்ளே பெருக்கித் துடைப்பவர்கள், இல்லையென்றால் கதவருகே சிரித்துக்கொண்டு நிற்பவர்கள். டார்ச் பிடித்த பெண்ணை என் சர்வீஸில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். வெளியூர்க்காரம்மா போலிருக்கிறது. ஏணியில் ஏறி இன்ஜினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார். கீழே இருந்த ஆண் பிள்ளைகள் எல்லாம் அவர் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அதை வீட்டுக்கு வந்து வேடிக்கைபோலச் சொன்னேன். நீ அப்போது வெளியே பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாய். எஸ்தர் என்னைச் சாப்பிடவிடவில்லை. "அவங்க பேன்ட்டு போட்டுகினு இருந்தாங்களா நைனா? கையில கிரீஸ் இருந்துச்சா? அவங்களுக்கு யாரு கத்துக் குடுத்தாங்க?" என்று கேட்டுக் கேட்டு என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். எனக்கு என்ன தெரியும். "எங்கனா படிச்சிருப்பாங்கம்மா" என்றேன். "எங்க?" என்றாள். அந்த ஆசையை அவள் தலையில் ஏற்றியவன் வேறு யாரும் இல்லை, நான்தான்.

அடுத்தது அந்த டீசல் இன்ஜின் விஷயம். இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரலாம், வரட்டும். உன் அம்மா நடவுக்குப் போயிருந்த வயலில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் நின்றுபோனது. சேற்றில் பத்துப் பெண்கள் சும்மா நிற்கிறார்கள். உத்திரமேரூரிலிருந்து மெக்கானிக் வந்தபாடில்லை. வயல்காரர் இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து திட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு அன்று லீவு, நீங்கள் இருவரும் என்னோடு இருந்தீர்கள். அவளுக்குப் பதினான்கு, உனக்குப் பன்னிரண்டு. வரப்பில் நின்றபடியே அவள் கேட்டாள்: "டீசல் முழுசா தீந்துபோயி அப்பறம் ஊத்துனீங்களாண்ணா? டீசல் கொழாயில ஏர் புடிச்சிகினு கீது." வயல்காரர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொம்பளைப் பிள்ளை இன்ஜினைத் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். ஸ்பேனரை எடுத்து உன் கையில் கொடுத்தார். அவள் வரப்பில் நின்றுகொண்டே சொன்னாள்: "அந்த மேல் நட்டுடா. கொஞ்சமா லூஸ் பண்ணு. பம்பு பண்ணு. நுரை வருதில்ல, நிக்கிற வரைக்கும் வுடு. இப்ப டைட் பண்ணு." நீ பண்ணினாய். இன்ஜின் ஓடியது. வயல்காரர் உன் முதுகில் தட்டி, "லோடர் பையன் கெட்டிக்காரன்பா" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சொன்னது என் பெண் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஸ்பேனர் உன் கையில்தான் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் பயிற்சிப் பள்ளியில் சேர நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, மெக்கானிக் வேலையில் எப்படி ஆசை வந்தது என்று கேட்டதற்கு நீ அந்த இன்ஜின் கதையைத்தான் சொன்னாய். வெளியே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாய். இப்போது உனக்குக் கீழே வேலை பழக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வதாகப் போன கிறிஸ்துமஸுக்குச் சொன்னாய். உன் கதையில் வரப்பில் யாரும் நிற்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த எஸ்தர் உன் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக விமான மெக்கானிக் படிப்பு, தங்க இடம், சாப்பாடு என்று ஒரு பயிற்சிப் பள்ளி ஆள் தேடி நம் பக்கம் வந்தது. அவள் பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். நீ அப்போதுதான் முடித்திருந்தாய். இரண்டு விண்ணப்பத்தையும் எழுதியது அவள். உத்திரமேரூரில் நடந்த எழுத்துத் தேர்வுக்கு உன்னை உட்கார வைத்துப் படிக்க வைத்ததும் அவள். இருவருமே தேறினீர்கள். அவளுக்கு உன்னைவிட மார்க் அதிகம். சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டதும் உன் அம்மா இரண்டு பேருக்கும் துணி தேய்த்து வைத்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

என்ன பயம் என்று சொன்னால் இன்றைக்குச் சிரிப்பாய். இலவச ஆடு கொடுத்தார்களே, அப்போது நம் பக்கத்து வீட்டு மாமியாரும் மருமகளும் ஆளுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். ஒரே ரேஷன் கார்டு. இரண்டு மனுவையும் தள்ளிவிட்டார்கள். ஆசைப்பட்டு இரண்டு கேட்டு, ஒன்றும் இல்லாமல் போனது. அடுப்பு, டிவி, மனைப்பட்டா என்று நம் தெருவுக்கு வந்த எதுவும் கார்டுக்கு ஒன்று என்றுதான் வந்தது. இலவசம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால், வீட்டுக்கு ஒருவர் என்று எனக்கு நானே சேர்த்துப் படித்துக்கொள்வேன். படிப்புக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஒரே அப்பன் பெயரில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தால் இரண்டையும் அடித்துவிடுவார்கள் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். "வீட்டுக்கு ஒருத்தர்தானா மேடம்?" என்று ஒரு கேள்வி. நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன்.

நீண்ட வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். அடுத்து உள்ளே போகிறவர் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார வேண்டும். எஸ்தர் அதில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஃபைல். பெற்றோர் முதலில் உள்ளே வந்து சான்றிதழைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு மேடம். பட்டியலைப் பார்த்து, "எஸ்தர் உங்க பொண்ணா? எங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "அதுக்கு கல்யாணம் நிச்சயமாயிடுச்சு மேடம். பையன் வந்துகீறான், பையன எடுத்துக்கோங்க." அவர் விடவில்லை. "நல்ல மார்க்கு வாங்கியிருக்காளே. படிச்சிட்டு கல்யாணம் பண்ணலாமே. வெளிய இருக்காளா? நான் ஒரு தடவை பேசிப் பாக்கறேனே" என்றார். "வர்ல மேடம், ஊர்லயே கீது" என்றேன். சாமு, அவள் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மேடம் அவள் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணம் என்றுதான் எழுதியிருப்பார்.

வெளியே வந்து, உன் காதில் விழாமல் எஸ்தரிடம், "வூட்டுக்கு ஒருத்தர்தானாம்மா. எழுந்திரு, தம்பி உக்காரட்டும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்படின்னு சொன்னாங்களா?" என்றாள். "ஆமா" என்றேன். எழுந்துவிட்டாள். ஃபைலிலிருந்து தன் சான்றிதழ்களை மட்டும் உருவிக்கொண்டு மீதியை உன்னிடம் கொடுத்தாள். உன் சட்டைக் காலரை இழுத்துவிட்டாள். நீ உட்கார்ந்தாய். உனக்கு நினைவில் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒருவர் என்பது என் பயம். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குப் பயமும் இல்லை, குழப்பமும் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட அதை நான் யோசிக்கவில்லை. மார்க் யாருக்கு அதிகம், ஆசை யாருக்கு அதிகம் என்று எதையும் பார்க்கவில்லை. ஒன்று என்றால் பையன், அவ்வளவுதான். அந்த மேடமும் வயல்காரரும் செய்யாத அநியாயத்தைச் செய்தது பெற்றவன்.

உன் படிப்பு முடிந்த விழாவுக்கு நானும் அம்மாவும் வந்தோமே. மேடையில் சான்றிதழ் கொடுக்கும்போது ஒரு அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்து ஏறினார்கள். ஒரே வீடு, ஒரே அப்பா பெயர், ஒரே வருடம் சேர்ந்தவர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய அப்பா எழுந்து நின்று கை தட்டினார். வேலூர்ப் பக்கத்துக்காரர், செங்கல் சூளை வேலை. "ரெண்டு பேரையும் எடுத்தாங்களா?" என்று கேட்டேன். "ஏன், எடுக்க மாட்டாங்களா?" என்று என்னைப் பார்த்தார். அன்று மதியம் பிரியாணி போட்டார்கள். நீ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய். எனக்கு மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது, எஸ்தரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன். அவள் வாசலில் நின்று, "தம்பி எப்படி கீறான்? சர்டிபிகேட்ட காட்டு" என்று கையை நீட்டினாள். சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்லாமல் இருப்பது சுலபமாகிக்கொண்டே வந்தது.

நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உன் நோட்டுப் புத்தகங்களை அவள் வாங்கிப் படிப்பாள். உனக்குச் சந்தேகம் தீர்த்து வைக்கத்தான் படிக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். ஒரு வரி விடாமல் படத்தோடு எல்லாவற்றையும் தனியாக எழுதி வைத்துக்கொண்டாள், ஒன்பது நோட்டு. இன்றும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. முதல் வருடம் ஹாஸ்டலிலிருந்து நீ போனில் அழுதாயே. கூட இருக்கும் பையன்கள் இலவச சீட்டு, இலவச சீட்டு என்கிறார்கள், தகுதி இல்லாமல் வந்தவன் என்கிறார்கள், நான் வந்துவிடுகிறேன் என்றாயே. நான் போனை நீட்டினேன். போனை வாங்கியவள் அவள். "ஒரு மாசம் இரு. அந்தப் பசங்களவிட ஒரு பரீட்சையில, ஒண்ணே ஒண்ணுல, அதிகமா வாங்கு. அப்பறமும் புடிக்கலன்னா நானே வந்து கூட்டிகினு வர்றேன்" என்றாள். தகுதி என்ற அந்தச் சொல் அன்றைக்கு உன்னை எப்படிக் குத்தியது என்று கொஞ்சம் நினைத்துப் பார். போன ஞாயிற்றுக்கிழமை அதே சொல்லை நீ சொன்னாய், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலைக்குப் போனாள். கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் ரோட்டில் நிற்பாள். முதலில் லைனில் ரப்பர் மாட்டுகிற வேலை. மெஷின் நின்றால் ஆள் வரும்வரை காத்திருக்காமல் ஏன் நின்றது என்று சொல்லிவிடுவாள். மூன்றாவது வருடம் மெஷின் பழுதுபார்க்கும் பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள். மாலை வகுப்புக்குப் போய் டிப்ளமோ முடித்தாள். நான் மேடத்திடம் சொன்ன கல்யாணம், நான் அப்படிச் சொல்லி ஆறு வருடம் கழித்துத்தான் நடந்தது. கல்யாணம் ஆகி எட்டு வருடம் ஆகிறது, ஒரு பிள்ளை பெற்றாள், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் கல்யாணம் என்று போய்விடுவார்கள் என்று சொல்கிறாயே, அந்தக் காரணத்தை ஒரு பெண்ணும் அங்கே வந்து சொல்லவில்லை. ஒரு அப்பன் சொன்னான். என்னைப் போல எத்தனை அப்பன்கள் எத்தனை மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்களோ. அவர்கள் சொன்னதை எழுதி வைத்ததைத்தான் இன்றைக்கு நீங்கள் எல்லோரும் அனுபவம் என்று படிக்கிறீர்கள்.

நேற்று அவள் வேலை முடிந்து வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். உன் அம்மாவும் இருந்தாள், அவளுக்கும் அப்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன், ஊரிலேயே இருக்கிறாள் என்று சொன்னதையும் சொன்னேன். எஸ்தர் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "இன்னா நைனா சொல்ற. அவங்களா சொல்லலியா, வூட்டுக்கு ஒருத்தர்னு?" என்றாள். "சொல்லல" என்றேன். "என்ன எங்கன்னு கேட்டாங்களா?" "கேட்டாங்கம்மா." "மார்க்க பாத்துட்டா?" "பாத்துட்டுத்தான். பேசணும்னுகூட சொன்னாங்க." அப்போதுதான் அழுதாள் சாமு. "இத்தினி வருசம், நான் வேணாம்னு அவங்க சொல்லிட்டாங்கன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். நான் அவள் காலைப் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டாள். உன் அம்மா என்னோடு இன்னும் பேசவில்லை. காலையில் காபி டம்ளரைத் தரையில் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

போவதற்கு முன் எஸ்தர் சொல்லிவிட்டாள்: "நான் வியாழக்கெழம போறேன். அவங்கிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா சண்டையாயிடும். ஆனா எனக்காக எதுவும் பேசக் கூடாதுன்னு சொல்லிடு." என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. அதைக் கேட்கும் தைரியமும் எனக்கு வரவில்லை.

அதனால் நான் கேட்பது இதைத்தான். இது கைக்கு வந்த அன்றே உன் மேலதிகாரியிடம் போய், என் அக்கா விண்ணப்பித்திருக்கிறாள், என்னை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடு. அவளுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசாதே. அவளுக்கு அது தேவையில்லை, கேட்டால் கோபம் வரும். எடுத்தால் எடுக்கட்டும், இல்லையென்றால் அவளுக்கு என்ன குறை என்று அவளிடமே சொல்லட்டும். முதல் தடவை அதுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. குழுவிலிருந்து விலகினாலும் உன்னோடு உட்கார இருந்த மற்ற இருவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வா. எந்தப் பெண்ணின் அப்பனாவது, அண்ணனாவது வந்து, அவளுக்கு விருப்பமில்லை, நிச்சயம் ஆகிவிட்டது, ஊரிலேயே இருக்கிறாள் என்று சொன்னால், அதைத் தாளில் எழுதுவதற்கு முன் நாற்காலியை விட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து வெளியே பார்க்கச் சொல். எங்கள் நைனா அப்படித்தான் பண்ணினார் என்று சொல். என் பெயரையும் சேர்த்தே சொல், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய வருடங்களில் சும்மா இருந்துவிட்டேன்.

அந்த டீசல் இன்ஜின் கதையையும் விட்டுவிடாதே, நல்ல கதை. அடுத்த தடவை சொல்லும்போது வரப்பில் நின்றவளையும் சேர்த்துச் சொல்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் அன்று சென்னையில் இருப்பாய் என்றால், ஒரு மணி நேரம் அங்கே வராந்தாவில் எங்கேயாவது ஓரமாக நில். அவளிடம் போய்ப் பேசாதே, தைரியம் சொல்லாதே. அங்கேயும் கதவை ஒட்டி ஒரு நாற்காலி இருக்கும், அதில் அவள் உட்கார்ந்திருப்பாள். உள்ளே இருந்து எஸ்தர் என்று கூப்பிடுவார்கள். அவள் எழுந்து, ஃபைலை எடுத்துக்கொண்டு, தானே கதவைத் தள்ளி உள்ளே போவதைப் பார். பார்த்துவிட்டு எப்படிப் போனாள் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு கதவருகே நான் இருந்தேன், எனக்கு அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

உன் நைனா